பள்ளியில் சென்சரி ரூம் அமைக்க என்னென்ன வாங்க வேண்டும்? அதை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி கேட்டவர் சென்னையில் ஒரு தனியார் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகள் சிலர் அங்கே படிக்கிறார்கள். முதல் மாடியில் ஒரு வகுப்பறை காலியாக இருக்கிறது. ஒரு கம்பெனி சில லட்ச ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது, வாங்கலாமா என்கிறார்.

நான் வடசென்னையில் ஒரு பள்ளியில் சிறப்பாசிரியர். சத்தமோ வெளிச்சமோ தாங்க முடியாமல் போகும்போது பிள்ளை ஒதுங்கி நிதானத்துக்கு வரும் இடம்தான் சென்சரி ரூம். அறை கட்டாயம் அமையுங்கள், கொட்டேஷனை மட்டும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பொருள் வாங்குவதற்கு முன்பே பள்ளி ஒரு முடிவுக்கு வர வேண்டும்: அந்த அறைக்கு எப்போது போவது, எப்போது வெளியே வருவது என்பதை யார் சொல்வது? பிள்ளைதான் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பள்ளி ஒத்துக்கொண்டால் நான்கு பொருளை வைத்தே நல்ல அறை அமைத்துவிடலாம்.

அறை எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐம்புலன் என்று படித்திருக்கிறோம். அவற்றோடு இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, காதின் உட்பகுதியில் இருந்துகொண்டு உடல் சாய்கிறதா, சுற்றுகிறதா என்று சொல்லும் சமநிலை உணர்வு. மற்றொன்று, கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று தசையும் மூட்டும் சொல்லும் உணர்வு. இவை மூளைக்குள் வந்து சேர்ந்து ஒழுங்காவதில் சில பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்கிறது என்ற கருத்தை முன்வைத்தவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்). ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் சத்தம், வெளிச்சம், தொடுதல் போன்றவற்றுக்கு அளவுக்கு மீறியோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதும் 2013இல் சேர்க்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு மிக்ஸி சத்தம் வலியாகவே இருக்கும். இன்னொரு பிள்ளைக்கு ஓடி, குதித்து, சுவரில் மோதினால்தான் தன் உடம்பு தனக்குத் தெரியும். இருவருக்கும் ஒரே அறை, ஒரே பொருள் என்றால் ஒருவருக்கு நிச்சயம் கஷ்டம்தான்.

அதனால் முதல் வேலையை வகுப்பறையில் ஆரம்பியுங்கள். கிறீச்சிடும் ஃபேனுக்கு எண்ணெய் விடுங்கள். பழைய சோக் வைத்த, மினுக்கும் டியூப்லைட்டை மாற்றுங்கள். பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் புஷ் போடுங்கள். மின்சார மணி அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தால் வேறு சுவருக்குக் கொண்டுபோங்கள். இவ்வளவு செய்தாலே அறைக்கு ஓட வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும் பிள்ளைகள் உண்டு. வகுப்பறையை அப்படியே விட்டுவிட்டுத் தனியாக ஓர் அமைதி அறை கட்டுவது, பிள்ளையை நோகவிட்டு அப்புறம் தைலம் தடவுவது போல.

சரி, அறைக்கு வருவோம். முதல் மாடியைவிடத் தரைத்தளம் நல்லது. மனம் கொதிக்கும் நேரத்தில் ஒரு பிள்ளை படியேறக் கூடாது. சன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். பஸ் நிறுத்தும் இடம், கேன்டீன், பிரதான சாலை மூன்றும் வேண்டாம். பக்கத்தில் அம்மன் கோயில் இருந்தால் ஆடி மாதம் முழுக்க ஒலிபெருக்கி கேட்கும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்குக் காற்றோட்டம் மிகவும் முக்கியம். வெளிச்சம் புகாமல் கனமான திரை போட்டு அறையை அடைத்துவிட்டால் ஏப்ரல் மாதத்தில் யாரும் உள்ளே உட்கார முடியாது. வியர்வை, புழுக்கம் இரண்டுமே புலனைத் தொந்தரவு செய்பவைதான்.

பொருட்கள் என்று பார்த்தால், அழுத்தமும் எடையும் தருபவை முதலில் வரட்டும். இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, பெரிய தலையணைகள், கோரைப்பாய், மணல் நிரப்பித் தைத்த சின்ன மூட்டைகள், தள்ளுவதற்கு ஒரு கனமான மரப்பெட்டி. கனமானதைத் தூக்குவதும் தள்ளுவதும் பல பிள்ளைகளை நிலைப்படுத்துகிறது. நோட்டுக் கட்டை ஆபீஸ் ரூமில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாலும் அதே வேலைதான் நடக்கிறது. தொட்டுப் பார்க்கப் புளியங்கொட்டை, கேழ்வரகு நிரப்பிய தட்டுகள் போதும். எதையும் வாயில் போடும் வயதென்றால் கொட்டை வகை வேண்டாம். தரை விரிப்புக்குப் பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடைகளில் ஜிம் மேட் பாருங்கள். கொட்டேஷனில் இருக்கும் பந்துத் தொட்டியையும், தண்ணீருக்குள் குமிழி எழும் குமிழித் தூணையும் நான் தவிர்ப்பேன். பந்துகளைக் கழுவி உலர்த்த ஆள் வேண்டும், தூணில் தண்ணீர் மாற்ற வேண்டும். அது தொடர்ந்து நடக்காவிட்டால் அழுக்கு சேரும், அறை பூட்டிக் கிடக்கும்.

ஊஞ்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெதுவாக முன்னும் பின்னும் ஆடுவது பெரும்பாலும் அமைதிப்படுத்தும். வேகமாகச் சுற்றுவது கிளப்பிவிடும், வாந்திகூட வரலாம். பழைய பருத்திப் புடவையில் தூளி கட்டினால் உடம்பை நாலாபுறமும் அணைத்துக்கொள்ளும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கொக்கி மாட்டும் இடத்தைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையிலோ ஃபால்ஸ் சீலிங்கிலோ மாட்டவே கூடாது. ஊஞ்சல் உள்ள பக்கம் சீலிங் ஃபேனும் வேண்டாம், சுவர் ஃபேன் வையுங்கள்.

பாதுகாப்பில் இன்னும் இரண்டு விஷயம். முதலாவது, வலிப்பு வரும் பிள்ளைகள் இருப்பார்கள், ஆகவே விட்டுவிட்டு மின்னும் விளக்கு அறையில் இருக்கக் கூடாது. இரண்டாவது, எடை போர்வை, அதாவது உள்ளே எடை வைத்துத் தைத்த கனமான போர்வை. 2008இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு பள்ளியில், எடை போர்வைக்குள் சுற்றப்பட்ட 9 வயது ஆட்டிசச் சிறுவன் மூச்சுமுட்டி இறந்துபோனான். எங்கள் பள்ளியில் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லாமல் நான் அறையைக் காட்டுவதில்லை. பிள்ளையை யாரும் எதிலும் சுற்றக் கூடாது. அழுத்தம் வேண்டுமானால் பிள்ளை தானாக நுழைய வேண்டும், நினைத்த நொடியில் தானாக வெளியே வர முடிய வேண்டும். கதவில் வெளித்தாழ்ப்பாள் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.

பயன்படுத்தும் விதத்தை ஒரு பிள்ளையை வைத்துச் சொல்கிறேன். எங்களிடம் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் இருக்கிறான். மதிய உணவு நேரத்தில் ஹாலில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ்கள் திறக்கிற சத்தம் அவனுக்கு ஆகாது. முதலில் தோள் இரண்டும் காதுவரை ஏறும். பிறகு சட்டைக் காலரைக் கடிப்பான். அந்தக் கட்டத்திலேயே பையிலிருந்து, 'அறைக்குப் போகிறேன்' என்பதற்கு அடையாளமான நீல அட்டையை எடுத்து மிஸ் மேஜைமேல் வைத்துவிட்டு நடப்பான். யாரும் "எங்கடா போறே?" என்று கேட்பதில்லை. அறையில் சுவரோடு சாய்த்து வைத்த மெத்தைக்குப் பின்னால் நுழைந்து, காலால் அதைத் தள்ளிக்கொண்டே இருப்பான். ஆயாம்மா கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். கொஞ்ச நேரத்தில் தள்ளும் வேகம் குறையும், வாயிலிருந்து காலர் நழுவும். அப்புறம் அலமாரியில் இருக்கும் மணல் கடிகாரத்தை அவனே திருப்பி வைப்பான். மணல் தீர்ந்ததும் வகுப்புக்குப் போவது அவனும் நாங்களும் பேசி வைத்த ஏற்பாடு. சில நாள் இரண்டாம் முறையும் திருப்புவான். திருப்பட்டும்.

இதில் ஆயாம்மா பேசாமல் இருப்பதுதான் கடினமான பயிற்சி. தவிக்கும் பிள்ளையைப் பார்த்தால் நமக்கு வாய் சும்மா இருக்காது, "என்னாச்சு கண்ணா" என்று கேட்கத் தோன்றும். ஏற்கெனவே நிரம்பி வழிகிற தலைக்கு நம் கேள்வியும் ஒரு சத்தம்தான். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஆயாம்மாக்களையும் வாட்ச்மேனையும் சேர்த்து உட்கார வையுங்கள். வராந்தாவில் பிள்ளையை நிறுத்திக் கேள்வி கேட்கப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

கட்டுப்பாடு பிள்ளையிடம் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகளை இப்படிப்பட்ட அறையில் கவனித்தார்கள். விளக்கையும் ஒலியையும் தாங்களே இயக்க முடிந்தபோது குழந்தைகளின் கவனம் கூடியது, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் குறைந்தன. அதேசமயம், எடை வைத்த ஜாக்கெட் போட்டால் படிப்பில் கவனம் வரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அறையால் ஆட்டிசம் 'குணமாகும்' என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிள்ளை தாங்க முடியாத ஒரு நேரத்தைக் கண்ணியமாகக் கடக்க அறை உதவும். அதுவே பெரிய விஷயம்.

"கணக்கை முடித்தால் சென்சரி ரூம்" என்று பரிசாகத் தர வேண்டாம். "சேட்டை பண்ணினாயா, போ அங்கே" என்று தண்டனையாகவும் அனுப்ப வேண்டாம். இரண்டில் எது நடந்தாலும் உண்மையிலேயே தேவைப்படும் நாளில் பிள்ளை அந்தப் பக்கம் போக மாட்டான்.

நிர்வாகம் தயங்கினால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவை எடுத்துக் காட்டுங்கள். சென்சரி ரூம் என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான வசதியைப் பள்ளி செய்துதர வேண்டும் என்று இருக்கிறது. பொருட்களை நேரில் பார்க்க விரும்பினால் காமராஜர் சாலையில் உள்ள மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் போய் வாருங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான சாதனங்களைத் தொட்டுப் பார்க்கலாம். எந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று திட்டம் போட ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கட்டாயம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் கோட்டூர்புரம் வித்யாசாகர் அமைப்பு, முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் மத்திய அரசின் என்.ஐ.இ.பி.எம்.டி. நிறுவனம் இரண்டிலும் விசாரித்துப் பாருங்கள். பெற்றோரையும் அழைத்துப் பேசுங்கள். வீட்டில் பிள்ளை எதில் அடங்குகிறான் என்பது அம்மாவுக்கும் பாட்டிக்கும் தெரியும், அது எந்தப் படிவத்திலும் வராது.

மற்ற பிள்ளைகளும் வரக் கேட்பார்கள். வரட்டும். பரீட்சை நேரத்தில் நெஞ்சு படபடக்கும் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கும் அந்த மெத்தை உதவும். எல்லோரும் போய்வரும் இடமானால் "அந்த மாதிரிப் பசங்க ரூம்" என்ற பேச்சு வராது. கூட்டம் சேர்ந்தால் மட்டும், நீல அட்டை வைத்திருப்பவருக்கு முதலிடம் என்று கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.