20 மாதக் குழந்தைக்கு இசைச் சிகிச்சை தேவையா? போனில் என்ன பாட்டு போடலாம்?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகளுக்கு 20 மாதம், இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேச்சு வரவில்லை. கணவர் இரவு வேலைக்குப் போகிறவர் என்பதால் குழந்தை அவரிடம் ஒட்டுவதே இல்லை. மாதக் கட்டணத்தில் இசைச் சிகிச்சை தருவதாக ஒரு வகுப்பில் சொல்கிறார்கள். அதில் சேர்க்கலாமா, அதுவரை போனில் எந்தப் பாட்டைப் போடுவது என்பது உங்கள் கேள்வி.

நான் காசிமேட்டுப் பக்கம் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். முதலில் போனை எடுத்து அலமாரியில் வையுங்கள். நீங்களே பாடுங்கள். பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, குழந்தை என்ன செய்கிறாள் என்று பார்த்துக் காத்திருங்கள்.

பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் சின்னக் குழந்தைகளிடம் செய்வதில் பெரும்பகுதி இதுதான். குழந்தை தரையைத் தட்டினால் அவரும் அதே வேகத்தில் தட்டுவார். குழந்தை நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். இப்போது உன் முறை, அடுத்து என் முறை என்கிற அந்த ஒழுங்கு பிடிபட்டால்தான் அதன்மேல் பேச்சு வந்து உட்காரும். போனில் ஓடுகிற பாட்டு உங்கள் மகளுக்காக ஒரு நொடிகூட நிற்காது.

மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் இசையைக் கேட்டால் குழந்தைக்கு மூளை வளரும் என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்கு மூலமான 1993ஆம் ஆண்டு ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். ஒரு வகைப் புதிர்களில் அவர்களுக்குக் கிடைத்த சிறு முன்னேற்றமும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. கைக்குழந்தை ஒன்றுகூட அதில் இல்லை. 2013இல் வெளியான வேறொரு ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில், குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளிடம் நடந்தது. பெற்றோர் தங்கள் குடும்பத்துக்குப் பிடித்த பாட்டைச் சொல்ல, அதையே தாலாட்டாக்கி அருகிலிருந்து பாடினார்கள். குழந்தைகளின் இதயத் துடிப்பு நிதானப்பட்டது, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. எனக்கு அந்த இரண்டாவது பலன்தான் பெரிதாகப் படுகிறது.

எங்கள் மையத்துக்கு வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவர் தொடர்ந்து வீட்டில் இருப்பார். அப்போதும் நைனா தூக்க வந்தாலே பையன் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். "பாடுங்கள்" என்றேன். "பாட்டெல்லாம் எனக்கு வராது டீச்சர், வலை இழுக்கும்போது குரல் கொடுப்பதோடு சரி" என்றார். அதையே மெதுவாகச் சொல்லச் சொன்னேன். தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையைப் பையன் கையில் கொடுத்து, மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். "ஏலேலோ" என்று ஓர் இழுப்பு, "ஐலசா" என்று ஓர் இழுப்பு. பையனுக்குப் பிடித்துவிட்டது. நாலைந்து முறை ஆனதும், "ஏலேலோ"வோடு நிறுத்தும்படி அவருக்குச் சைகை காட்டினேன். துண்டு தளர்ந்தது. பையன் துண்டைப் பார்த்தான், பிறகு நைனாவின் வாயையே பார்த்தான். அவருக்குப் பொறுக்கவில்லை, அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தார். நான் கையை உயர்த்தித் தடுத்தேன். பையன் துண்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தான். அதுதான் அவன் பதில். உடனே அவர் "ஐலசா" என்றார். சில நாள் கழித்து அந்த இடத்தில் "சா" என்று அவனே சொன்னான். தடைக்காலம் முடிவதற்குள் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு அவரிடம் ஓட ஆரம்பித்துவிட்டான்.

பெரியவர்களுக்குக் கடினமானது இந்தக் காத்திருப்புதான். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பார்வை, சிரிப்பு, கையசைவு, முனகல் எதுவும் பதில்தான். அது வந்ததும் பாட்டைத் தொடருங்கள்.

என்ன பாட்டு என்று தயங்க வேண்டாம். தாலாட்டு, தேவாலயத்தில் பாடுவது, தாத்தா தாளம் தட்டிப் பாடும் கானா எல்லாம் நல்லவைதான். வார்த்தைகள் மட்டும் குழந்தைக்கு ஏற்றதாக இருக்கட்டும். காலியான தண்ணீர்க் குடத்தைவிட நல்ல மேளம் நம் வீடுகளில் கிடையாது. சுருதி சேரவில்லை என்று குழந்தை ஒருநாளும் சொல்லாது. பாடும்போது டிவி மட்டும் ஓடக் கூடாது. ஏற்கெனவே லாரிச் சத்தத்தோடு போட்டிபோடுகிற தெருக்கள் நம்முடையவை.

இது வெளிநாட்டுச் சரக்கும் அல்ல. தெய்வத்தையும் தலைவரையும் குழந்தையாக்கிப் பாடும் பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை (தவழும் நிலையில் தலையாட்டுவது), ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி (கைதட்டுவது) என்று பருவம் பிரித்துப் பாடிவைத்திருக்கிறார்கள். ஒன்பது மாதத்தையொட்டிக் குழந்தை கைதட்டத் தொடங்கும் என்று இன்றைய வளர்ச்சி அட்டவணைகளும் சொல்கின்றன.

ஆனால் பாட்டை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 9 நாடுகளில் ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு ஐந்து மாதம் இசைச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. ஆட்டிசத்தின் முக்கிய அறிகுறிகளில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற மறுபாதியைவிட இசைச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. பேச்சு தாமதமானால் முதலில் பார்க்க வேண்டியது காது. கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறாளே என்று இருந்துவிடக் கூடாது, சில ஒலிகள் மட்டும் கேட்காமல் போவதும் உண்டு. உங்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை பக்கம்தான். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள். அங்கன்வாடியிலும் பெயர் பதிந்துவையுங்கள். குழந்தைகளைப் பரிசோதிக்க ஆண்டுக்கு இருமுறை அரசு மருத்துவக் குழு வரும், வளர்ச்சிக் குறைபாடு தெரிந்தால் மேல்சிகிச்சைக்கு அவர்களே எழுதித் தருவார்கள்.

கணவர் காலையில் வீடு திரும்பியதும் குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையை அவரிடம் விடுங்கள். ஒவ்வொரு குவளைத் தண்ணீருக்கும் ஒரு வரி பாடி, அடுத்த குவளைக்கு முன் நிறுத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும், அதன்பிறகு அவர் தூங்கட்டும்.

அந்த வகுப்பில் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: பெற்றோரும் உள்ளே உட்கார்ந்து சேர்ந்து பாடலாமா? வாசலில் காத்திருக்கச் சொன்னால் பணத்தைக் கட்டாதீர்கள். உள்ளே விடுவார்கள் என்றால், நடத்துகிறவர் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்டுக்கொண்டு, காதுப் பரிசோதனை முடிவு கைக்கு வந்தபிறகு சேருங்கள்.