கூரை விளிம்பில் பனிக்கட்டி: ஷீட் மாற்றினால் தீருமா?

கேள்வி: கீழே கடை, மேலே வீடு. குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி வரை போகும். கூரை விளிம்பில் ஆளுயரத்துக்குப் பனிக்கட்டி தொங்குகிறது. சுவரோரமாக சீலிங்கில் தண்ணீர் கசிகிறது. ஷிங்கிளை (கூரைமேல் அடுக்கியிருக்கும் மெல்லிய தகடுகளை) பிரித்துவிட்டு மெட்டல் ஷீட் போட்டால் சரியாகுமா?

பதில்: ஷீட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்தக் குளிரில் கூரைமேல் கிடக்கும் பனி தானாக உருகாது. உருக்குவது உங்கள் ஹீட்டர்தான். சீலிங் இடுக்குகள் வழியாகச் சூடான காற்று பரணுக்குள் (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடத்துக்குள்) ஏறி, கூரையை அடியிலிருந்து சுட வைக்கிறது. உருகிய தண்ணீர் சரிந்து வந்து, சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் விளிம்பில் மறுபடி உறைகிறது. அங்கே அடியில் சூடு இல்லையே! அந்தக் கட்டி வயல் வரப்பு மாதிரி நின்றுவிட, பின்னால் தேங்கும் நீர் ஷிங்கிளுக்கு அடியில் புகுந்துவிடும். ஷிங்கிள் வழிந்தோடும் தண்ணீரைத்தான் தடுக்கும், தேங்கிய தண்ணீரை அல்ல.

நல்ல குளிர் நாளாகப் பார்த்து, டார்ச்சோடு பரணில் ஏறுங்கள். விளக்கு வயர் இறங்கும் துளை, குழாய்களைச் சுற்றிய இடம், பரண் கதவின் ஓரம் இவற்றைப் பாருங்கள். வீட்டுச் சூடு மேலே போகாமலிருக்க விரித்த இன்சுலேஷன் பஞ்சு கறுத்திருந்தால், காற்று அந்த வழியாகப் போய்த் தூசியை விட்டிருக்கிறது. கூரை ஆணிகளின் முனையில் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தால், வீட்டு ஈரம் மேலே ஏறுகிறது. குளியலறை ஃபேனின் குழாய் பரணுக்குள்ளேயே முடிகிறதா என்றும் பாருங்கள். அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்.

முதலில் இடுக்குகளை அடைத்துவிடுங்கள், அப்புறம்தான் பஞ்சு. பலரும் பஞ்சை மட்டும் கொட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பஞ்சு காற்றை நிறுத்தாது. புகைபோக்கியைச் சுற்றி மட்டும் இடுக்கடைக்கும் சாதாரண ஃபோம் வேண்டாம். தகரமும் தீ தாங்கும் சீலன்ட்டும் வேண்டும். விளிம்பிலுள்ள காற்றுத் துளைகளைப் பஞ்சு மூடிவிடக் கூடாது.

என்றாவது கூரையை மாற்றுவதாக இருந்தால், விளிம்பிலிருந்து சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி குறைந்தது 60 செ.மீ. வரை கூரைக்கு அடியில் தண்ணீர் புகாத ஒட்டும் விரிப்பு (மெம்பரேன்) போடச் சொல்லுங்கள். மெட்டல் ஷீட்டில் பனி வழுக்கி மொத்தமாக விழும். இறுகிய பனி ஒரு கன மீட்டர் 300 கிலோகூட இருக்கும். அது விழும் இடத்தில்தான் உங்கள் கடை வாசல் என்றால் பனித்தடுப்புப் பட்டை இல்லாமல் முடியாது.

இந்தக் குளிர்காலத்தை ஓட்ட, தரையில் நின்றபடி நீளக் கைப்பிடி வாரியால் விளிம்போரப் பனியை ஒரு மீட்டர் அகலத்துக்கு இழுத்துத் தள்ளுங்கள். கோடரியால் கட்டியை உடைக்காதீர்கள். குளிரில் விறைத்த ஷிங்கிளும் சேர்ந்து உடையும்.