குன்னூரில் ஆறு கார்டு ரிக்: எந்த மதர்போர்டு?

நண்பரே, கிரிப்டோ காயின் மைனிங் செய்ய ஆறு கிராபிக்ஸ் கார்டு போட்ட ரிக் (மைனிங் கம்ப்யூட்டர்) அமைக்கப் புது கேமிங் போர்டு வாங்குவதா, பழைய மைனிங் போர்டு போதுமா என்று கேட்டிருந்தீர்கள். பழையதே போதும். மைனிங்கில் ஒரு கார்டுக்கு ஒரு பிசிஐஇ லேன் (கார்டும் போர்டும் டேட்டா பரிமாறும் பாதை) இருந்தாலே வேலை நடக்கும். கேமிங் போர்டின் லைட்டுக்கும் ஆடியோவுக்கும் எதற்குக் காசு?

ஆஸ்ராக் எச்110 ப்ரோ பிடிசி பிளஸ் கிடைத்தால் எடுங்கள். 13 கார்டு வரை தாங்கும். இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை ப்ராசஸர்தான் சேரும், அதில் சாதாரண செலரான் ப்ராசஸரே போதும். வாங்கும்போது சாக்கெட் பின் வளைந்திருக்கிறதா, 24 பின் கனெக்டர் கருகியிருக்கிறதா பாருங்கள். ஒரே கார்டை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மலையில் கிடந்த போர்டு என்றால் ஸ்லாட் ஓரங்களில் ஈரத்தால் அரித்துப் பச்சை பூத்திருக்கலாம், அப்படிப்பட்ட போர்டை வாங்கவே வேண்டாம்.

கார்டு திடீரென்று காணாமல் போனால் எல்லோரும் போர்டைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி ரைசர், அதாவது கார்டைக் கேபிள் வழியாகப் போர்டோடு இணைக்கும் சின்னப் பலகை. சில ரைசர்கள் ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா பவர் கனெக்டரில் கரண்ட் எடுக்கும். அது 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், ஸ்லாட் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். கனெக்டர் உருகலாம், தீப்பிடிக்கவும் கூடும். ஆறு பின் பவர் கனெக்டர் உள்ள ரைசரே போடுங்கள். பல கார்டுகளையும் போர்டு அடையாளம் காண, பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) 'அபவ் 4ஜி டிகோடிங்' ஆன் செய்யுங்கள்.

ஓடும் ரிக்கை மூடுபனி பெரிதாக ஒன்றும் செய்யாது, அதன் சூடே காக்கும். ஐப்பசி மழையில் நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால்தான் ஈரம் இறங்கும். அப்புறம், எத்தீரியம் என்ற காயினை 2022 செப்டம்பரிலிருந்து மைன் செய்ய முடியாது. எந்தக் காயின், கரண்ட் பில் எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டுப் போர்டு வாங்குங்கள்.