டைரீக் ஹில்லை விற்றது சரியா? கான்சாஸ் சிட்டி ரிசீவர்கள்: கேள்வி பதில்

கே: அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில், மின்னல் வேக ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) ஹில்லை 2022 மார்ச்சில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி ஏன் மயாமி அணிக்கு அனுப்பியது? அவரைப் போல ஓட யார் இருக்கிறார்கள்?

ப: யாரும் இல்லை. விலைதான் காரணம். அதுவரை ஒரு சீசனில்கூட 1000 கெஜம் தொட்டிராத ரிசீவர் கிறிஸ்டியன் கர்க்குக்கு ஜாக்சன்வில் அணி 4 ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் கொடுத்ததும் சந்தை எகிறிவிட்டது. ஹில்லுக்கு மயாமி தந்தது 4 ஆண்டு, 12 கோடி. அந்த ஆண்டு ஓர் அணி மொத்தத்துக்கும் சாலரி கேப் (சம்பள உச்சவரம்பு) 20.82 கோடிதான், சீஃப்ஸோ பந்து வீசும் நட்சத்திரம் மஹோம்ஸுக்கு 10 ஆண்டுக்கு 45 கோடி எழுதிக் கொடுத்திருந்த அணி. ஹில்லுக்குப் பதிலாக ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளை (புதுமுகங்களை வரிசை எண்படி தேர்ந்தெடுக்கும் உரிமை) வாங்கிக்கொண்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், திரும்பவும் சொல்வேன்: மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள், உத்தரவாதத் தொகையை, அதாவது அணி நீக்கினாலும் வீரருக்குக் கிடைக்கும் பணத்தை, பாருங்கள். ஹில்லின் 12 கோடியில் உத்தரவாதம் 7.22 கோடி. கடைசி ஆண்டுச் சம்பளம் காகிதத்தில் மட்டும் வீங்கிய எண்.

கே: அந்த வாய்ப்புகளில் உருப்படியாக யார் கிடைத்தார்கள்?

ப: 29-ஆவது வாய்ப்போடு 94, 121 இரண்டையும் நியூ இங்கிலாந்து அணியிடம் கொடுத்து 21-க்கு ஏறி, எதிரணி ரிசீவர்களை மறிக்கும் கார்னர்பேக் டிரென்ட் மெக்டஃபியை எடுத்தார்கள். 2023-இல் அவர் ஆல்-ப்ரோ, அதாவது ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியலில். 50-ஐக் கொடுத்துப் பின்வாங்கி, 54-இல் ரிசீவர் ஸ்கை மூர்.

கே: மூர் சொதப்பல்தானே?

ப: எடுத்த இடத்துக்கு, ஆமாம். ஆனால் 2022 சீசனின் சூப்பர் பௌலை, பிலடெல்பியாவுடனான இறுதி ஆட்டத்தை, போட்டுப் பாருங்கள். நான்காவது குவார்ட்டர். சீஃப்ஸ் ரிசீவர் கடேரியஸ் டோனி உள்பக்கமாக நகர்ந்து, பந்து கிளம்பும் நொடியில் சடாரென்று வெளியே திரும்புகிறார். காவலுக்கு நின்றவர் மறுபக்கம் போய்விட்டார். டச் டவுன், அதாவது எல்லைக்கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி. சற்று நேரத்தில் அதே தந்திரம், எதிர்ப்பக்கத்தில், மூருக்கு. அந்த சீசனில் அவர் பிடித்த ஒரே டச் டவுன் அது. சீஃப்ஸ் 38–35 என்று ஜெயித்தது.

கே: என் ஃபேன்டஸி அணியில் யாரை வைக்கலாம்?

ப: அதற்கு வேறு ஆளைக் கேளுங்கள்.

கே: ஹில் இருந்திருந்தால் இன்னும் சுலபமாக ஜெயித்திருக்கலாமே?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: டென்னசியும் அதே ஆண்டு தன் ரிசீவர் ஏ.ஜே. பிரவுனை பிலடெல்பியாவுக்கு விற்றதே? அவர்கள் முட்டாள், இவர்கள் மேதையா? மஹோம்ஸ் இருந்தால் யாரும் மேதைதான்!

ப: சண்டைக்கு வந்துவிட்டீர்கள், சரி. டென்னசி பிரவுனைக் கொடுத்து, வந்த 18-ஆவது வாய்ப்பில் டிரெய்லன் பர்க்ஸ் என்ற புதுமுகத்தை அவர் இடத்தில் நிறுத்தியது. டிசம்பரில் பிரவுன் அவர்களுக்கு எதிராகவே இரண்டு டச் டவுன் அடித்தார். இரண்டே நாளில் பொது மேலாளர் ஜான் ராபின்சனுக்கு வேலை போனது. சீஃப்ஸ் ஒருவரை நம்பி இறங்கவில்லை. ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர், வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங், மூர், சீசன் நடுவில் டோனி என்று பாரத்தைப் பங்கு போட்டது. பந்து பிடிக்க டிராவிஸ் கெல்சி ஏற்கெனவே இருந்தார்.

கே: அப்படியானால் 2023?

ப: இது நல்ல கேள்வி. மஹோம்ஸ் அதே மஹோம்ஸ்தான். ஆனால் ஜூஜூ போனபின் அனுபவசாலி ஒருவரை உருப்படியாகச் சேர்க்காமல் விட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே டோனியின் கைக்கு வந்த பந்து துள்ளி டெட்ராய்ட்காரரிடம் போய் டச் டவுனாக முடிந்தது, 21–20 தோல்வி. நவம்பரில் பிலடெல்பியாவிடம் ஜெயிக்கவேண்டிய நீளப் பந்தை வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங் நழுவவிட்டார். மஹோம்ஸ் மட்டும் போதும் என்றால் இதெல்லாம் நடந்திருக்கக் கூடாது. இரண்டாம் சுற்றில் வந்த ரஷீ ரைஸும் தடுப்பாட்டமும்தான் அந்த ஆண்டைத் தூக்கி நிறுத்தின. என் கணக்கில் 2022 நல்ல வியாபாரம், 2023 கஞ்சத்தனம். அந்த ஆண்டும் கோப்பை வந்ததால் கஞ்சத்தனம் புத்திசாலித்தனம் ஆகாது.

கே: ஹில் இருந்திருந்தால்...

ப: அடுத்த கேள்வி.

கே: 2024-இல் எடுத்த ரிசீவர் சேவியர் வொர்த்தி அடுத்த ஹில்லா?

ப: 40 கெஜத்தை 4.21 விநாடியில் ஓடிச் சாதனை வைத்தவர், வேகம் உண்டு. எனக்குப் பிடித்தது அதுவல்ல: முதல் சுற்று ஒப்பந்தம், நான்கு ஆண்டுக்கு மலிவு, ஐந்தாம் ஆண்டு வேண்டுமா என்பது அணியின் கையில். அதற்கப்புறம் அவர் எவ்வளவு கேட்டாலும் உத்தரவாதத் தொகையைப் பாருங்கள்.