லாப்லாஸ் சமன்பாட்டின் கண்ணாடி வித்தை: கேள்வி பதில்

ஒரு கோட்டின் மேல்புறம் லாப்லாஸ் சமன்பாட்டுக்கு (எல்லாத் திசை இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகை, அதாவது லாப்லாசியன், = 0) தீர்வாக இருக்கும் சார்பு, கோட்டின்மேல் 0 ஆனால், குறியை மாற்றிக் கீழ்ப்புறமும் நீட்டலாம். இதுதான் ஷ்வார்ட்ஸ் பிரதிபலிப்புத் தத்துவம். வந்த கேள்விகளில் சில.

சார், தலைகீழாக்கி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் தையல் தெரியாதா? இரண்டாம் வகைக்கெழு எப்படிச் சேரும்?

நியாயமான சந்தேகம். ஆனால் தையலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடியாது. கோட்டின்மேல் மையம் வைத்து ஒரு வட்டம் போடுங்கள். பரிதியில் ஒட்டுச் சார்பின் மதிப்புகளை எடுத்து, பரிதி மதிப்புகளிலிருந்து உள்மதிப்புகளைத் தரும் புவாசோன் தொகையீட்டால் உள்ளே புதிதாக ஒரு தீர்வு காணுங்கள். பரிதியில் மேலும் கீழும் எதிரெதிர்க் குறி. தீர்வும் அப்படியே அமையும், விட்டத்தில் 0. இப்போது மேல் அரைவட்டத்தின் எல்லை முழுக்கப் பழையதும் புதியதும் ஒன்று. தீர்வின் பெருமமும் சிறுமமும் எல்லையில்தான் என்னும் பெரும மதிப்புத் தத்துவப்படி, இரண்டின் வித்தியாசம் உள்ளேயும் 0; ஆக, உள்ளேயும் ஒன்று. கீழேயும் இதே கதை. புதியதற்குத் தையலே கிடையாது; அதனால் பழையதற்கும் இல்லை. வகைக்கெழுவை நாம் தொடவே இல்லை, கவனித்தீர்களா? கோட்டை நெருங்கும்போது மதிப்பு தொடர்ச்சியாக 0-க்குப் போனால் போதும்.

கோட்டில் செங்குத்து வகைக்கெழு 0 என்றால்?

குறியை மாற்றாமல் நீட்டுங்கள்.

லாப்லாஸ் சமன்பாட்டின் இனமான எல்லா நீள்வட்டச் சமன்பாட்டுக்கும் இது செல்லுமா, ஐயா?

செல்லாது. நேர்கோட்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடு (லாப்லாசியன் + மாறிலி × சார்பு = 0) தாங்கும். முதல் வகைக்கெழு நுழைந்தால் சிக்கல். ஒரே மாறியில் பாருங்கள்: இரண்டாம் வகைக்கெழு + முதல் வகைக்கெழு = 0. தொடக்கத்தில் மதிப்பு 0, சாய்வு 1 எனில் இரண்டாம் வகைக்கெழு −1 ஆகியே தீரும். குறி மாற்றி நீட்டினால் மறுபக்கத்திலிருந்து +1 வந்து நிற்கிறது. இங்கே தையல் பல்லிளிக்கும்.

வளைந்த எல்லைக்கு?

தளத்தில், அடுக்குத்தொடராக எழுத முடிகிற வளைகோடு எதுவானாலும் அதன் அருகில் நடக்கும். முப்பரிமாணத்தில் கோளத்துக்கு வில்லியம் தாம்சன், அதாவது பிற்காலத்துக் கெல்வின் பிரபு, 1840-களிலேயே வழி சொன்னார்: ஆரத்தின் வர்க்கத்தை மையத்திலிருந்து உள்ள தூரத்தால் வகுத்தால் வரும் தூரத்துக்கு, அதே திசையில் புள்ளி போகும், மதிப்பை ஆரம்/தூரம் என்ற விகிதத்தால் பெருக்கிக் குறியை மாற்ற வேண்டும்.

நான் கட்டடப் பொறியாளன். விளிம்பு இறுகப் பிடித்த தகட்டுக்கு ஏதாவது உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். அங்கே லாப்லாசியனை இருமுறை எடுத்தால் 0 என்பதே சமன்பாடு. நேர் விளிம்பில் மதிப்பும் சாய்வும் 0. விளிம்பிலிருந்து அளந்த தூரத்தை வைத்து, பிரதி மதிப்பு = −மதிப்பு + 2 × தூரம் × செங்குத்து வகைக்கெழு − தூரத்தின் வர்க்கம் × லாப்லாசியன். நம்பிக்கை வராவிட்டால் தூரத்தின் வர்க்கத்தையே சார்பாகப் போட்டுப் பாருங்கள். தூரத்தின் வர்க்கத்தின் கெழுக்கள்: −1 + 4 − 2 = 1. குறி மாறவில்லை, மாறவும் கூடாது.