தம்பிக்கு வலி எங்கே?

கேள்வி: லண்டனில் எங்களோடு இருக்கும் தம்பிக்கு 27 வயது, கற்றல் குறைபாடு உண்டு, பேச்சும் குறைவு. கொஞ்ச நாளாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கன்னத்தில் அடித்துக்கொள்கிறான். டாக்டர் ‘அவன் சுபாவம்’ என்கிறார். பகல்நேரப் பராமரிப்பு மையத்திலிருந்து வந்தபோது கையில் கன்றிய தடம் வேறு.

பதில்: சுபாவம் என்று விட்டுவிடாதீர்கள், சகோதரி. சொல்லத் தெரியாதவர்களின் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல்கூட இப்படித்தான் வெளிவரும், அதனால் முதலில் பல் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டரின் கற்றல் குறைபாட்டுப் பதிவேட்டில் பெயர் இருந்தால், இங்கிலாந்தில் 14 வயது முதல் வருடம் ஒருமுறை இலவச முழுப் பரிசோதனை உண்டு. கூடுதல் நேரமும் கூட்டமில்லாத வேளையும் கேட்டு வாங்குங்கள், 2010 சமத்துவச் சட்டம் துணை நிற்கும். அப்புறம் அந்தத் தடம். இன்றே தேதியோடு போட்டோ எடுத்து, உங்கள் பகுதி கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) வயதுவந்தோர் பராமரிப்புப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள். ஆதாரம் தேட வேண்டாம், நியாயமான சந்தேகம் இருந்தாலே 2014 பராமரிப்புச் சட்டப்படி அவர்கள் விசாரித்தாக வேண்டும்.