பாலிஃபீமஸின் காதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய கிரேக்கக் கவிஞர் தியோக்ரிட்டஸின் ஆயர் பாடல்களை ஆங்கிலத்தில் வாசித்தேன். ஆடு மேய்ப்பவர்கள் நிழலில் உட்கார்ந்து காதலைப் பாடுகிறார்கள், அவ்வளவுதான். எல்லாம் அரசவைக்காக ஜோடித்த கிராமம் போலிருக்கிறது. இதில் உண்மையான காமம் எங்கே?

ர.

அன்புள்ள ர.,

ஜோடித்த கிராமம்தான். தியோக்ரிட்டஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்காரர், சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரத்தவர், எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமியைப் புகழ்ந்து பாடியவர். ஆனால் அந்த ஆசை ஜோடித்தது அல்ல. 11ஆம் பாடலை மறுபடி எடுத்துப் படியுங்கள்.

அதில் பாடுகிறவன் பாலிஃபீமஸ். ஹோமரின் ஒடிஸி காவியத்தில் மனிதர்களைப் பிடித்துத் தின்னும் அதே ஒற்றைக் கண் அரக்கன். இங்கே அவனுக்கு இப்போதுதான் மீசை அரும்புகிறது. கடலில் வாழும் தேவதை கலாத்தியா மேல் பித்து. ஆடுகள் தாமாகவே பட்டிக்குத் திரும்ப, இவன் கரையில் உட்கார்ந்து உருகுகிறான்.

அவள் ஏன் ஓடுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். காதிலிருந்து காதுவரை ஒரே புருவம், அதன்கீழ் ஒரு கண், பரந்த மூக்கு. அதைத் தானே சொல்லிவிட்டு, ஆயிரம் ஆடு இருக்கிறது, எந்தப் பருவத்திலும் பாலாடைக்கட்டிக்குக் குறைவில்லை என்கிறான். செவுளோடு பிறந்திருந்தால் நீருக்குள் வந்து, வாயைத் தராவிட்டாலும் உன் கையையாவது முத்தமிட்டிருப்பேன் என்கிறான். லில்லியும் பாப்பியும் கொண்டுவந்திருப்பேன் என்று தொடங்கியவன், ஒன்று கோடையில் பூக்கும், மற்றது குளிர்காலத்தில், சேர்த்துக் கொண்டுவர முடியாதே என்று தன்னையே திருத்திக்கொள்கிறான். ஆசையில் தவிக்கும்போதும் பொய் சொல்ல வராத இந்த மேய்ப்பனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம்தான் வயிற்றைப் பிசையும் வரிகள். என் உயிரையும், அதைவிட இனியது எதுவுமில்லாத என் ஒற்றைக் கண்ணையும் நீ எரித்தாலும் பொறுத்துக்கொள்வேன் என்கிறான். யாராவது அந்நியன் கப்பலில் வந்தால் நீச்சல் கற்றுக்கொள்வேன் என்றும் சொல்கிறான். வரப்போகிற அந்நியன் ஒடிஸியின் நாயகன் ஒடிஸியஸ். எரியப்போவது அந்தக் கண். ஹோமரைப் படித்தவருக்கு இது தெரியும், பாடுகிறவனுக்குத் தெரியாது.

மருத்துவ நண்பர் நிகியாஸுக்கு எழுதிய பாடல் இது. காதலுக்குப் பாட்டைத் தவிர மருந்தில்லை என்றுதான் தொடங்குகிறது. பாலிஃபீமஸ் குணமானான் என்று நான் நம்பவில்லை. போய்க் கூடை முடை, குட்டிகளுக்குத் தழை ஒடித்துப் போடு என்று தனக்கே சொல்லிக்கொள்கிறான். பாட்டு அவனை அந்த அளவுக்குத் தேற்றியிருக்கிறது.

மேய்ச்சல் நிலமே வேண்டாம் என்றால் 2ஆம் பாடல் இருக்கிறது. கைவிட்டுப்போன காதலன் டெல்ஃபிஸ் உருகி வரட்டும் என்று சிமைத்தா என்ற பெண் மந்திரம் சொல்லி மெழுகை உருக்குகிறாள். அவனோடு கூடியதை நிலவிடம் கூசாமல் சொல்கிறாள். அதையும் படித்துவிட்டு எழுதுங்கள்.